தவளை வைத்த கைநாட்டு

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிடுவதுதான் முறை. சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு மெக்கானிக்கின் பட்டறையில் நான்கு பேர். மெக்கானிக், கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்மேல். சின்னவள், ஸ்டாண்டில் நின்ற தன் டர்ட் பைக்கின் மேலேயே, அடுத்த நிமிடம் கிளம்பிவிடப் போகிறவள் மாதிரி. அவளுடைய அக்கா புருஷன், பழைய டயர் அடுக்கின்மேல், பாதி உடம்பு உள்ளே அமிழ்ந்து. சாய்ந்துகொள்ள முதுகு உள்ள ஒரே நாற்காலி அக்காவான பெரியவளுக்கு. கடிதம் எழுதுகிறவள் என்பதால் அந்த மரியாதை. நடுவில், மேஜைமேல், கடல் தாண்டி வந்த பார்சல்.

பெரியவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினான்கு வருடமாகக் கடிதம் எழுதுகிறவள். ஒவ்வொன்றுக்கும் கார்பன் பிரதி உண்டு. ‘பால் காய்ச்சி வைக்கவும்’ என்று புருஷனுக்கு எழுதி வைக்கும் துண்டுச் சீட்டில்கூடத் தேதி போட்டு, ‘பொருள்: பால்’ என்று அடிக்கோடு இடுவாள்.

பைக்கின் பேர் தவளை. பச்சையாக இருக்கும், தாவும், ஆகவே அந்தப் பேர். அதே மாடல், அதே பச்சையில், இந்த ஊர்க் கடையிலும் விற்கிறது. ஆனால் சின்னவளுடையது, வேலைக்கு வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் கப்பலில் கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. இரண்டுக்கும் செயின் பொருந்தும், பிரேக் கட்டை பொருந்தும், கேபிள்கூடக் கொஞ்சம் கெஞ்சினால் பொருந்தும். பேர் ஒன்று, பிறப்பு வேறு என்பார் மெக்கானிக். இன்ஜினின் வலப்பக்க மூடி மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. போன மாதம் பயிற்சியில் பாறையில் மோதி விரிசல் விட்டது, சொல்லிவைத்தாற்போல் அந்த மூடிதான்.

சேற்றுப் பந்தயத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள். இரண்டு வருடம் வேலிக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்திய சின்னவள், இந்த வருடம்தான் பேர் கொடுத்து எண் வாங்கியிருந்தாள். முப்பத்தேழு. மூடி வராவிட்டால் முப்பத்தேழும் வேலிக்கு வெளியேதான்.

தவளை பிறந்த அந்த வெளிநாட்டில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு கிழவர் இருந்தார். போனை எடுக்க மாட்டார். தபாலுக்குத்தான் பதில். பெரியவள் எழுதினாள். போக ஒன்பது நாள், வர ஒன்பது நாள். இதோ பார்சல்.

சின்னவள் கயிற்றைப் பல்லால் கடித்தே பிரித்தாள். மூடி கண்ணாடி போல மின்னியது. மெக்கானிக் அதை இன்ஜினில் வைத்துப் பார்த்தார். பத்து போல்ட் ஓட்டையும் கச்சிதம். சின்னவள் சீட்டிலிருந்து ஒரு குதி குதித்தாள், தவளையே தோற்றது. மெக்கானிக் மட்டும் மூடியின் ஒரு மூலையில் விரலை விட்டு, மறுபக்கம் வந்த விரல்நுனியை ஆட்டிக் காட்டினார்.

அது கிக்கர் தண்டு வெளியே வருகிற ஓட்டை. இந்த ஊர்த் தவளையைக் காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும். சின்னவளுடையது பொத்தானை அமுக்கினால் கிளம்பும் செல்ஃப் ஸ்டார்ட். கிக்கரே கிடையாது. கார்க் வைத்து அடைத்துவிடலாமே என்றார் அக்கா புருஷன். கார்க் போடுவதற்கு இது பாட்டில் இல்லை, மேலும் உள்ளே ஸ்டார்ட்டர் பல்சக்கரம் இடிக்கும் என்று மெக்கானிக் விளக்கினார். அப்புறம் மெதுவாக, இதே மூடி அடுத்த தெருக் கடையில் மூன்று தொங்குகிறது என்றும் சொன்னார்.

அடுத்த தெருவில் கிடைப்பதைக் கடல் கடந்து வரவழைத்திருந்தார்கள்.

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். அவள் நிதானமாகப் பையைத் திறந்து, கடிதக் கோப்பை எடுத்து, கார்பன் பிரதியை வாசித்தாள். ‘வெளிநாட்டு மாடலுக்கான வலப்பக்க மூடி ஒன்று அனுப்பவும்.’ பார்சலில் இருந்த சீட்டிலும் கிழவர் அதையே எழுதியிருந்தார்: வெளிநாட்டு மாடல், வலப்பக்க மூடி, ஒன்று. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. தப்பு அந்தக் கிழவருடையதுதான் என்று அவள் கோப்பை மூடினாள்.

டயருக்குள்ளிருந்து புருஷன் கேட்டார். “எந்த வெளிநாடு?”

“வெளிநாடுன்னா வெளிநாடுதான். இதுல என்ன எந்த?”

“இல்ல, அவருக்கு எது வெளிநாடு?”

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் மனம் அந்தக் கிழவரின் மேஜைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் கடிதத்தையே படித்தது. அங்கிருந்து பார்த்தால் வெளிநாடு இந்தப் பட்டறை. இந்த ஆயில் டின். டயருக்குள் சிக்கிய இந்த மனுஷன்.

“அய்யய்யோ” என்றாள் சன்னமாக.

“பொறந்த வீட்ல மக, புகுந்த வீட்ல மருமக. ஒரே பொண்ணுதானேக்கா” என்றாள் சின்னவள். அதற்குமேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நமக்கு அக்கரை, அவருக்கு இக்கரை” என்றார் புருஷன். “தவளை மட்டும் ரெண்டு கரையிலயும் பச்சை.”

பெரியவள் புதுத் தாளை எடுத்தாள். உள்நாட்டு மாடல் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது என்றாள். புருஷன் விடவில்லை. கிழவர் நல்லவராக இருந்து, பாவம் இவர்கள் பக்கத்திலிருந்து யோசிப்போம் என்று யோசித்துவிட்டால்? அப்போது உள்நாடு என்பது மறுபடி இந்த நாடுதான், மறுபடி அடுத்த தெரு மூடிதான். ‘உங்கள் நாட்டு மாடல்’ என்று எழுதினால், உங்கள் என்றது வாங்குகிறவரையா விற்கிறவரையா என்று கேட்டார். ‘இங்கே’யும் போயிற்று, ‘அங்கே’யும் போயிற்று. நான்கு தாள் கசங்கின. மெக்கானிக் சிரித்துச் சிரித்து டின் சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். ‘கிக்கர் ஓட்டை இல்லாதது’ என்று மட்டும் எழுதினால் போதாதா என்று சின்னவள் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. ஓட்டை இல்லாத மூடியிலேயே வருடத்துக்கு வருடம் போல்ட் இடம் மாறும், இந்த வண்டி எந்த வருடத்தது என்று யாருக்குத் தெரியும் என்றார். அளந்து பார்ப்போம் என்று, கழற்றி வைத்திருந்த, விரிசல் விட்ட பழைய மூடியை எடுத்து, கையில் அளவுகோல் இருந்ததால், கிடைத்த இடத்தில் வைத்தார்.

கிடைத்த இடம் பெரியவளின் ஐந்தாவது தாள்.

பதினான்கு வருடத்தில் மைக்கறை பட்ட ஒரு விண்ணப்பத்தைக்கூட வாங்கியறியாதவள் அவள். மூடியைத் தூக்கித் திட்ட ஆரம்பித்தவள், அப்படியே நின்றுவிட்டாள். தாளில் கறுப்பு எண்ணெயால் மூடியின் விளிம்பு முழுசாகப் பதிந்திருந்தது. போல்ட் இருக்க வேண்டிய பத்து இடத்திலும் பத்து வெள்ளை வட்டம். கிக்கர் மூலையில் ஒன்றுமில்லை. விரிசல்கூட ஒரு மயிரிழையாக விழுந்திருந்தது.

“கைநாட்டு வெச்சிருச்சு” என்றாள் பெரியவள்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. இன்னொரு நல்ல தாளில் மெக்கானிக் மூடியை நேராக வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கி எடுத்தார். கீழே பெரியவள் இன்ஜின் எண்ணைப் போட்டு, ‘பொருள்: மூடி’ என்று அடிக்கோடிட்டு, ஒரே வரி எழுதினாள். ‘இதன்மேல் வைத்தால் எது அச்சாகப் பொருந்துகிறதோ, அது.’ நாடும் இல்லை, உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. கார்பன் பிரதி எடுக்க வழியில்லை என்பது மட்டும் அவளை உறுத்தியது. அதற்காகத்தான் முதல் கைநாட்டு இருக்கிறதே என்று சின்னவள் அதைக் கோப்பில் செருகினாள். கோப்பில் இருந்த மற்ற கடிதங்களும் எண்ணெய் குடித்தன. பெரியவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. மாட்ட ஒரு நாள். இன்று போனால் ஒரு வாரம் மிச்சம், திங்கட்கிழமை போனால் ஐந்தே நாள். தபால் ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடுவார்கள். மணி நாலே முக்கால். புருஷனை டயரிலிருந்து உருவி எடுக்க மூன்று நிமிடம் ஆயிற்று. ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர், உறை சின்னவளின் வாயில், கையில் எண்ணெய் என்பதால்.

கவுண்டரில் இருந்தவர் ஜன்னலை இறக்கக் கை வைத்திருந்தார். பெரியவள் உறையின் வாயில் பசை தடவி, நகத்தால் நீவி, ஓரத்தை இரண்டு முறை அழுத்தி ஒட்டினாள். அவர் வாங்கி எடை போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

“உள்நாடா, வெளிநாடா?”

சின்னவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பெரியவள் உதட்டைக் கடித்தபடி, பதினான்கு வருட அனுபவத்தையும் ஒன்றுதிரட்டி, “கடல் தாண்டணும்ங்க” என்றாள்.

அவர் மூவரையும் ஒரு தரம் பார்த்தார். தபால்தலையை ஒட்டி, ஓங்கி ஒரு முத்திரை குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் வீசினார்.