யாரையும் சுடாத பிஸ்ரல்

சீமோன் ஒற்றைக் காலில் நின்றார். வாங்குவதென்றால் புதுசு வாங்கு, இல்லாவிட்டால் படிவத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். புதுசு பழசு பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். பிஸ்ரலைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. சோபாவில் இருந்து கார் வரை எல்லாவற்றையும் பழசாகவே தேடி வாங்கிய மனிதர், இதில் மட்டும் புதுசு கேட்டார்.

பிஸ்ரலுக்கு ஆசைப்பட்டவள் அவருடைய மனைவி செலீன். ஸ்காபரோவில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் நுணுக்கமான கம்பிகளை ஒட்டுகிற வேலை அவளுக்கு. கூட வேலை செய்கிற ஒருத்தி இலக்குச் சுடும் கிளப் ஒன்றுக்கு விளையாட்டாகக் கூட்டிப்போனாள். செலீன் சுட்டதைப் பார்த்து முதல் நாளே அங்கிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு அங்கே போய், கிளப் பிஸ்ரலால் கடதாசி வட்டங்களில் ஓட்டை போடுகிறாள். ஊர்விட்டு வந்த ஒரு பெண்ணுக்கு, நாற்பத்திரண்டு வயதில், நான் இதில் கெட்டிக்காரி என்று சொல்ல ஒன்று கிடைத்தால் அதை விடுவாளா? இப்போது போட்டிக்குப் போகச் சொல்கிறார்கள். அதற்குச் சொந்தமாக ஒன்று வேண்டும்.

அது 1999ஆம் ஆண்டு. புதுச் சட்டப்படி, பிஸ்ரல் வைத்திருக்க அனுமதி கேட்கும் படிவத்தில் கணவரின் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. அவர் வைக்காவிட்டாலும் வழி உண்டு, அலுவலகத்தில் இருந்து அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று கிளப்பில் சொன்னார்கள். அந்த வழி செலீனுக்கு வேண்டாம். ஊரில் சண்டை நடந்த காலத்தில் சீமோனின் தம்பி யூட்சனை மன்னார் றோட்டில் சைக்கிளில் வரும்போது யாரோ சுட்டுப்போட்டார்கள். சுட்டது எந்தப் பக்கம் என்றுகூட இன்றைக்கு வரை தெரியாது. அப்படிப்பட்ட மனிதரை அதிகாரிகளின் விசாரணைக்கு ஆளாக்கிவிட்டு, தான் போய் மெடல் வாங்குவதா?

கடைகளில் இருந்த புதுப் பிஸ்ரல்களை எல்லாம் அவள் பிடித்துப் பார்த்தாள். நல்ல சாமான்கள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் பிடி எல்லாம் பெரிய கைக்குச் செய்தது. சுட்டுவிரல் எங்கேயோ நிற்கும், விசை எங்கேயோ நிற்கும். பிறகு கிளப்பில் ஹார்வி என்ற கிழவர், காலஞ்சென்ற தன் மனைவி மொரீனுடைய பிஸ்ரலைக் காட்டினார். 1958இல் கடையில் புதுசாக வாங்கியது. மொரீனின் சின்னக் கைக்கென்று ஹார்வியே மரத்தில் பிடி செதுக்கியிருந்தார். செலீன் கையில் எடுத்தாள், அவ்வளவுதான்.

"பழசு வேண்டாம்," என்றார் சீமோன்.

"ஏன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார். "நாப்பது வருஷமாம். ஆரார் கையில இருந்துதோ. அது ஆரைச் சுட்டதெண்டு உமக்குத் தெரியுமே? ஆளைத் திண்ட சாமானோட என்னால ஒரு வீட்டில படுக்கேலாது. புதுசெண்டால் ஒண்டும் செய்யாதது."

செலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. புதுசா பழசா என்று கிளப்பில் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். உதிரிப்பாகம் கிடைக்குமா, தோட்டா சிக்குமா, விசை இளகுமா என்று எல்லாம் பேசுவார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அவர்களுக்கு அது தோன்றாது. எங்கள் ஆட்களுக்குத்தான் தோன்றும்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் பிக்கரிங்கில் ஹார்வியின் வீட்டுக்குப் போனார்கள். சீமோன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டு, நேரே ஆங்கிலத்தில் கேட்டார், இது யாரையாவது சுட்டிருக்கிறதா என்று. செலீனுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஹார்வி முதலில் சிரித்தார். பிறகு சீமோனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, அலமாரியில் இருந்து ஒன்பது பழைய எழுத்துக் கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

மொரீன் சுட்ட ஒவ்வொரு வெடியும் அதில் எழுதியிருந்தது. திகதி, பத்துப் பத்தாக வெடிகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி, இடைக்கிடை தலையிடி என்றோ சரியான குளிர் என்றோ ஒரு குறிப்பு.

சீமோன் கண்ணாடியைப் போட்டார். மார்க்கம் பக்கத்தில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. ஒரே இருப்பில் இருந்து எழுதி நிரப்பிய பொய்ப் பதிவை எட்ட வைத்தே பிடித்துவிடுவார். ஒரு மணித்தியாலம் தலை நிமிரவில்லை. ஹார்வி தன் தேத்தண்ணியைக் குடித்தார். செலீன்தான் நகத்தைக் கடித்தாள்.

"இஞ்ச பாரும்," என்று சீமோன் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "எழுபத்தொண்டு மாசியில இருந்து அடுத்த வருஷம் வைகாசி வரைக்கும் ஒண்டும் இல்லை. பதினைஞ்சு மாசம். அப்ப இது எங்க இருந்தது?"

அதையே ஹார்வியிடமும் கேட்டார்.

ஹார்வி கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். அந்த மாசியில்தான் ஏரியில் பனிக்கட்டி உடைந்து எங்கள் மகன் போனான், ஏழு வயது என்றார். பிஸ்ரல் பூட்டிய பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அந்தப் பூட்டின் திறப்பு எங்கே என்றுகூட மொரீன் கேட்கவில்லை.

வாயால் யாரும் எதையும் சொல்லலாம். சீமோன் பக்கத்தைப் புரட்டினார். அதற்கு முந்திய சில வருடங்களில் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்காதவள், வைகாசியில் திரும்ப வந்த நாளில் நூற்றுக்கு ஐம்பத்தொன்று. அடுத்த கிழமை நாற்பத்தெட்டு. நாலு வெடி கடதாசியிலேயே படவில்லை. எழுத்தும் கோணிப்போயிருந்தது. மூன்று பக்கம் தாண்டித்தான் எழுபது வந்தது. சீமோன் ஒவ்வொரு வரியாக விரலால் தடவிக்கொண்டே போனார். யூட்சன் செத்த வருடம் அவருக்கும் கை ஒரு நிலையில் நிற்கவில்லை. மாதக்கணக்கில் செலீன்தான் அவருக்குச் சவரம் செய்துவிட்டாள். அவர் அதைத்தான் நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"செலீன்," என்றார் தமிழில். "கடையில இருக்கிற புதுசு இன்னும் ஒண்டும் செய்யேல்லை, அவ்வளவுதான். இனி என்ன செய்யுமெண்டு ஆருக்குத் தெரியும்? தம்பியைச் சுட்ட சாமானும் ஒரு காலத்தில புதுசாத்தானே இருந்திருக்கும்."

அவர் கொப்பியை மூடி மற்றதுகளின் மேல் வைத்தார்.

"இது நாப்பத்தொரு வருஷம் ஒருத்தரையும் சுடாமல் இருந்திட்டுது. இந்த மனுசனும் போனால் இது ஆர் கைக்குப் போகுமோ. நாங்கள் கொண்டு போவம். எங்களோடையே இருக்கட்டும்."

செலீனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றும் விளங்காத ஹார்வி, எதையோ பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து, பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, புதுசையே வாங்குங்கள் என்றார். சீமோன் படிவத்தை மேசையில் விரித்துவிட்டு, அவரிடம் பேனை கேட்டார்.