மூன்று பைட் பொட்டு

உலகத்தில் இதுவரை நடந்த சண்டைகளில் முக்கால்வாசி, எழுத்துகளை எந்த முறையில் சேமிப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளாததால் வந்தவை என்றான் தீர்ப்பு. டீ மெஷினுக்கு முன்னால் காகிதக் கோப்பையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, உலக நாடுகளெல்லாம் கூடியிருக்கும் சபையில் பேசுவதுபோல் சொன்னான். மீதிக் கால்வாசி சொத்துத் தகராறு என்பதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டான்.

எதையும் இப்படி முடித்துச் சொல்வதால்தான் ஆபீஸில் அவனுக்குத் தீர்ப்பு என்று பெயர் விழுந்தது. மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் எழுதும் ஆபீஸ் அது. மாத்திரைக் கவரில் ஒட்டும் சீட்டில் ‘காலை, சாப்பிட்ட பின், ஒன்று’ என்று தமிழில் அச்சாக வேண்டும் என்பதற்காக ஆறு மாதம் மேனேஜரோடு மல்லுக்கட்டி ஜெயித்தவன் அவன்தான். காரணத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை. தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. தமிழ்ச் சீட்டு வருவதற்கு முன் ஒரு நாள் தூக்க மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகும் வரை நாற்காலியில் தூங்கியிருந்தாள்.

தீர்ப்பு எழுதுவது லினக்ஸில். எதிர் வரிசையில் விண்டோஸில் எழுதுகிறவளை எல்லோரும் ஜன்னல் அக்கா என்பார்கள். அவள் இருக்கைக்குப் பக்கத்தில் ஜன்னல் கிடையாது, குப்பைத்தொட்டிதான். இருவரும் எழுதும் ஃபைல்கள் அவள் மெஷினில் ஒன்றுசேர்ந்துதான் கடைகளுக்குப் போகும். அக்கா ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் மூன்று பைட் அளவில் ஒரு குறி வைப்பாள். திரையில் தெரியாது. திறக்கிற மெஷினுக்கு மட்டும், உள்ளே இருப்பது எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து, உன் பழைய வாய்ப்பாட்டை வைத்து வாசிக்காதே என்று சொல்லும்.

“என்னக்கா இது, திருஷ்டிப் பொட்டா?”

“ஆமா. உன்ன மாதிரி ஆளுங்க கண்ணு பட்டுடக் கூடாதுல்ல.”

திங்கட்கிழமை தீர்ப்பு நாற்பத்து மூன்று ஃபைல்களின் பொட்டையும் அழித்தான். என்ன மாற்றம் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மூடநம்பிக்கை ஒழிப்பு’ என்று குறித்தான்.

புதன்கிழமை மதியம் ஒரு கடைக்காரர் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். ‘காலை’ இருந்த இடத்தில், தலையில் கீறல் விழுந்த ஆங்கில ஏ, வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர். அம்மா மருந்து வாங்கும் கடை அது. நாளைக்கு அவள் வாங்கும் நாள்.

“தமிழே வேணாம்ப்பா,” என்றார் மேனேஜர். “நாலு மணிக்குள்ள எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்திடு. தலைவலி விட்டுச்சு.”

“மாத்த மாட்டேன் சார்.”

“என்னது?”

“உங்களுக்குத் தலைவலி போயிடும். சீட்ட வாசிக்கிறவங்களுக்கு எது தலைவலி மாத்திரைன்னே தெரியாது. மாத்த மாட்டேன். வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க.”

தட்டிக்கொண்டிருந்த கீபோர்டுகள் எல்லாம் நின்றன. மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு மணி. அதுக்குள்ள தமிழ் ஒழுங்கா வந்தா தமிழ். இல்லேன்னா நானே உக்காந்து மாத்துவேன்.”

தீர்ப்பு விசாரணையைத் தொடங்கினான். அவன் மெஷினில் எல்லா எழுத்துகளும் முத்து முத்தாக இருந்தன. ஆகவே குற்றவாளி வெளியில்தான் இருக்க வேண்டும். முதலில் கடைக்காரரின் பிரிண்டரைச் சந்தேகித்தான். பிறகு எழுத்துருவை. மூன்று மணிக்கு விண்டோஸ் என்ற மொத்தக் கருத்தையும்.

அக்கா ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

“பொட்டு எங்க?”

“அதெல்லாம் தேவையே இல்லக்கா. உலகமே அது இல்லாமதான் எழுதுது.”

“எழுதட்டும். உலகம் இங்க வேலைக்கு வரலையேப்பா. என் மெஷின்தான் வருது. அதுக்குப் பொட்டு இல்லேன்னா ஆள் அடையாளம் தெரியாது.”

“அப்ப உங்க மெஷின்தான் திருந்தணும்.”

“திருந்தும், திருந்தும். நாலு மணிக்குள்ள திருந்துமான்னு கேட்டுச் சொல்லு.” உருண்டே திரும்பிப் போனாள்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவனைக் குடைந்தது. நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருக்க, சீட்டு மட்டும் குப்பையாக வருவது என்ன நீதி? மூன்றே முக்கால் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். கரியான பால் பாத்திரத்தை அம்மா தூக்கிப் போடவில்லை, வாசலில் அதில் ஒரு செடி வைத்திருந்தாள். அது நினைவுக்கு வந்தது.

திரையைச் சற்றுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரே ஒரு வரிக் கட்டளை. நாற்பத்து மூன்று ஃபைலுக்கும் பொட்டு ஏறியது. என்ன மாற்றம் என்ற இடத்தில் ‘சிறு திருத்தம்’ என்று எழுதினான்.

நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் சோதனைப் பிரிண்டர் ஒரு சீட்டைத் துப்பியது. இரவு, சாப்பிட்ட பின், ஒன்று. மேனேஜர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வந்துடுச்சே! என்னப்பா பண்ணின?”

“விண்டோஸ் பக்கம் ஒரு சின்னக் கோளாறு சார். இனிமே இங்கிலீஷ்ங்கிற பேச்சே எடுக்காதீங்க.”

குப்பைத்தொட்டிப் பக்கமிருந்து நீளமாக ஓர் இருமல் கேட்டது.

தீர்ப்பு காது கேளாதவன்போல் இடத்துக்கு வந்து, நாற்பத்து நான்காவது ஃபைலைப் புதிதாகத் திறந்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். ஓர் எழுத்தும் அடிக்கவில்லை, சேமித்தான். திரையில் வெற்றுப் பக்கம், கண்சிமிட்டும் கர்சர். அடியில் மட்டும் பொடி எழுத்தில் இருந்தது: அளவு, மூன்று பைட்.