முகூர்த்தத்துக்குக் குறுக்கே விழுந்த மரம்

கெலமங்கலம் ஏரிக்கரைமேல் ஏறியதும் கல்யாண வேன் சடாரென்று நின்றது. விடியற்காலைக் காற்றில் சாய்ந்த பெரிய புளியமரம், ஏறித் தாண்ட முடியாதபடி ரோட்டை அடைத்துக் கிடந்தது. ஒரு பக்கம் ததும்பும் ஏரி, மறுபக்கம் முழங்கால் ஆழச் சேறு. மண்டபத்து மேளச்சத்தம் கேட்கிற தூரம்தான், போகத்தான் வழியில்லை.

"ஜேசிபி வர மத்தியானம் ஆயிருமாம்" என்றார் டிரைவர். வேனுக்குள் மணப்பெண் அனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னால் சீர்ப் பாத்திரங்களோடு குட்டியானை வண்டி ஓட்டிவந்த அவள் அக்கா சுப்ரியா இறங்கி வந்து மரத்தைப் பார்த்தாள். மாந்தோப்புகளில் கிளை கழிக்கும் கான்ட்ராக்ட் எடுப்பவள் அவள். மரம் அறுக்கும் மிஷின் வண்டியிலேயே இருந்தது. ஆனால் இத்தனை பெரிய மரத்தில் அவள் கை வைத்ததில்லை. பயத்தைவிட ஆசைதான் முந்திக்கொண்டது.

"அழாத அனி. மை கரையுது. நான் அறுக்கறேன்."

பட்டுச்சேலையை வேனுக்குள் களைந்துவிட்டு வேலை பேன்ட், பூட்ஸ், ஹெல்மெட்டோடு குதித்தாள். மின்கம்பி எதுவும் மாட்டியிருக்கிறதா என்று மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மிஷினின் கயிற்றை இழுத்தாள். அது உறுமியது.

மெல்லிய கொம்புகளை முதலில் கழித்தாள். மரத்தைத் தாங்கி நின்ற கொம்புகளைத் தொடவில்லை. அறுத்ததையெல்லாம் சொந்தக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்துப் போட்டார்கள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் திரண்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா நாராயணப்பன், ஆனேக்கல்காரர், "பேகா! பேகா!" என்று கன்னடத்தில் சீக்கிரம் சீக்கிரமென விரட்டிக்கொண்டிருந்தார்.

அடிமரத்தில் மிஷினை வைக்கப்போனவள் சட்டென்று அதை நிறுத்தினாள். பிடுங்கிக்கொண்டு ஆளுயரத்துக்கு எழும்பி நின்ற வேருக்குப் பின்னால், மண் குழிக்குள், மாப்பிள்ளை சுரேந்தர் நண்பர்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ள! மேல வாங்க! எல்லாரும் வாங்க!"

"ஒரே ஒரு போட்டோ அண்ணி..."

"ஏம்மா, முகூர்த்தம் போயிரும். நீ அறு" என்றார் நாராயணப்பன்.

"மாமா, இந்த மரத்தோட கனம்தான் வேரத் தூக்கிப் புடிச்சிருக்குது. அறுத்து உட்டா வேரு திரும்பப் போய் குழியில உக்காந்துரும். அவங்க ஏறாம நான் மிஷினத் தொடமாட்டேன்."

முகம் சுளித்துக்கொண்டே அவர் மகனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். எல்லாரையும் தள்ளி நிற்கவைத்த பிறகுதான் அவள் மறுபடி கயிற்றை இழுத்தாள்.

மேலிருந்து கொஞ்சம் அறுத்து, மிஷின் சிக்காதபடி வெட்டில் ஆப்பு அடித்தாள். பிறகு அடியிலிருந்து மெல்ல மேலே கொண்டுபோனாள். மரத்தூள் மழையாய்ப் பறந்தது. படீர் என்று ஒரு சத்தம். அவள் பின்னால் நகர்ந்தாள்.

அறுந்த மரம் தொப்பென்று ரோட்டில் விழுந்தது. அதே நொடி அடிக்கட்டை விருட்டென்று நிமிர்ந்தது. வேர் முழுதும் புரண்டு குழியில் இறங்கி, தரை அதிர, மண்ணை அப்பி மூடியது.

சுரேந்தர் தான் நின்றிருந்த இடத்தை வெறித்துப் பார்த்தான். நாராயணப்பன் அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "யாரும் கிட்டப் போகாதீங்க! சுப்ரியா சொல்ற வரைக்கும் ஒருத்தரும் போகக்கூடாது!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

யாரோ முதலில் சிரித்தார்கள்; பிறகு ஒரே ஆரவாரம். அவள் மரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே போக, இரண்டு வீட்டாரும் "ஐலசா, தள்ளு!" என்று கட்டைகளை உருட்டி ஓரங்கட்டினார்கள். வண்டி போகும் அளவு வழி பிறந்ததும் டிரைவர் ஹாரனை அழுத்தியபடியே வேனைக் கிளப்பினார்.

ஐயர் "கெட்டிமேளம்!" என்றபோது சுப்ரியா வேலை பேன்ட்டோடு முதல் வரிசையில் நின்றிருந்தாள். மிஷின் பிடித்து மரத்துப்போன கை குறி தவறியதில் அட்சதை பாதி மாப்பிள்ளையின் அப்பா தலையில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவே இல்லை.