எண்ணெய் காயாத பலகைத் தளம்

செல்லக்கிளியைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பாகவே, செவ்வாய்க்கிழமை காலையில், அவளும் அவள் அப்பா வீரமலையும் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அவனைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினார்கள். ஐம்பத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம்.

வீரமலைக்கு மணப்பாறையில் முறுக்கு வியாபாரம். வீட்டில் நான்கு அடுப்பு எரிந்தது. அதில் ஓர் அடுப்பு செல்லக்கிளியின் பொறுப்பு. அவர் தங்கை பவுனம்மாள் ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தாள். பையன் பெயர் தங்கையன், ஊர் உறையூர். பெயிண்டர். வெயிலிலும் மழையிலும் கிடக்கிற மரச் சாமானுக்கு எண்ணெய் கொடுப்பதில் அவனை அடிக்க ஆளில்லை என்று பவுனம்மாள் சொன்னாள். இப்போது முக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் ஆற்றங்கரைப் பங்களாவில் வேலை செய்கிறானாம்.

"வீட்டுக்குப் போனா தலையைச் சீவி, பவுடர் போட்டு, நாற்காலியில உட்கார வச்சிருப்பாங்க" என்றார் வீரமலை. "சந்தையில மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவித்தான் நிறுத்துவான். ஏர்ல பூட்டிப் பார்த்தாத்தான் தெரியும் அதோட லட்சணம்."

"அப்ப நானும் வரேன்" என்றாள் செல்லக்கிளி.

"நீ எதுக்கு?"

"ஏர்ல பூட்டப் போறது என்னையும் சேர்த்துத்தானப்பா?"

அவள் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் வீரமலை இன்னொரு டிக்கெட்டுக்கும் காசு எடுத்துக்கொண்டார்.

திருச்சிவரை ரயில், அங்கிருந்து கரூர் பஸ். கையில் ஒரு தகர டின் நிறைய முறுக்கு. அந்தப் பங்களாவில் மறுநாள் முதலாளியின் பேரனுக்குக் காது குத்து என்று பவுனம்மாள் சொல்லியிருந்தாள். விருந்துக்கு முறுக்கு வேண்டுமா என்று கேட்க வந்ததாகச் சொல்லிக்கொள்வது என்று ஏற்பாடு. ஊர்ப் பெயரை மட்டும் வாய் திறக்கக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே அப்பாவுக்கும் மகளுக்கும் ஒப்பந்தம்.

பங்களா ஆற்றை ஒட்டி இருந்தது. அதைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குத் தேக்குப் பலகை வேலி. பின்பக்கம் ஆற்றைப் பார்த்தபடி கல்யாணப் பந்தல் அளவுக்கு அகலமான பலகைத் தளம். அந்தக் காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை மாலையில் உட்கார்ந்து காற்று வாங்கக் கட்டியது.

வேலி ஓரமாக ஒருவன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கையும் காலும் செங்காவி நிறம். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர். விரலை அதில் நனைத்துப் பலகைமேல் இரண்டு சொட்டுத் தெளித்தான். பிறகு கன்னத்தைப் பலகைக்கு அருகே கொண்டுபோய் அசையாமல் பார்த்தான். நகர்ந்து அடுத்த பலகைக்கும் தெளித்தான்.

"என்ன இது, வேலிக்குத் தீர்த்தம் குடுக்கிறான்?" என்றார் வீரமலை மெதுவாக. "பவுனு இதச் சொல்லவே இல்லையே."

செல்லக்கிளி அவரைத் தாண்டிப் போய் நேரே கேட்டுவிட்டாள். "தண்ணி எதுக்குங்க தெளிக்கிறீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கேள்வி கேட்டது யார் என்று யோசிக்காமல் கேள்விக்குப் பதில் சொன்னான். "மரம் குடிக்குதான்னு பார்க்கிறேங்க. சொட்டு உள்ள இறங்குனா எண்ணெயும் இறங்கும். இந்தா பாருங்க, இங்க முத்து மாதிரி உருண்டு நிக்குது. பழைய வார்னிஷ் இன்னும் போகலைன்னு அர்த்தம். திரும்பவும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். தேய்க்காம மேல பூசினா அடுத்த மழைக்கு உரிஞ்சு வந்துடும்."

"தேய்ச்ச பிறகு?"

"ஆளிவிதை எண்ணெயில காவிப்பொடி கலந்து, கொஞ்சம் டர்பன்டைன் விட்டுப் பூசுவேன். கால் மணி நேரம் ஊற விடணும். மரம் குடிச்சது போக மேல நிக்கிறதத் துணியால துடைச்சு எடுத்துடணும். அதுதான் இதுல முக்கியம். எண்ணெய் உள்ள இருந்தாத்தான் மரத்துக்குக் காவல், மேல நின்னா பிசுக்கு."

செல்லக்கிளிக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. முறுக்கிலும் எண்ணெய் மேலே நின்றால் பிசுக்குத்தான்.

வீரமலை டின்னைத் திறந்து, விருந்துக்கு முறுக்கு வேண்டுமா என்று கேட்க வந்ததாகச் சொல்லி ஒரு முறுக்கை நீட்டினார். தங்கையன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் கடித்தான். கண் விரிந்தது. "அடேயப்பா! என்னங்கய்யா இது, வாயில வச்சதும் உதிருது. நம்ம கடைவீதியிலகூட இப்படிக் கிடைக்காதுங்க."

"கடைவீதியா? மணப்பாறைன்னா சும்மாவா தம்பி!" என்று நெஞ்சை நிமிர்த்திய வீரமலை, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். செல்லக்கிளி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தங்கையன் டின்னை ஒருமுறை பார்த்தான். முறுக்கை முழுக்கத் தின்றுவிட்டு, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பிவிட்டான்.

முதலாளி பதினொரு மணிக்கு வருவார் என்று தெரிந்தது. அதுவரை காத்திருக்க வேண்டும். வீரமலை தன் அசட்டுத்தனத்தை மறக்க ஆற்றுப்பக்கமாக நடந்தார். தளம் வெயிலில் கண்ணாடிபோல மின்னியது. அதன் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அது ஆடு மாடுகளுக்காக என்று நினைத்துக்கொண்டு, அதைத் தாண்டி உள்ளே போய், ஆற்றைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா! அங்க உட்காராதீங்க!"

தங்கையன் ஓடிவருவதற்குள் உட்கார்ந்தாகிவிட்டது. வீரமலை எழ முயன்றார். வேட்டி வரவில்லை. இன்னொரு முறை ஊன்றி எழுந்தபோது, தோசைக்கல்லிலிருந்து ஒட்டிய தோசையைப் பெயர்ப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. பெண் வீட்டார் தோரணைக்காக நேற்றுத்தான் வெளுத்து வாங்கிய மல் வேட்டி. அதன் பின்பக்கத்தில் இரண்டு பெரிய செங்காவி வட்டங்கள்.

செல்லக்கிளி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு வெடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி நல்லதம்பி இறங்கினார். மலைக்கோட்டைக்குக் கீழே பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பருத்த ஆள், பட்டு ஜிப்பா. நேராகத் தளத்துக்கு வந்தவர், ஒரு பெரியவர் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்தார். குனிந்து பலகையில் விரலை வைத்தார். விரல் ஒட்டியது.

"என்னய்யா தங்கையா இது! நாளைக்கு அறுபது பேரு இங்க இலை போட்டுச் சாப்பிடப் போறாங்க. அத்தனை பேரும் இப்படித்தான் எழுந்திருக்கணுமா? சம்பந்தி வீட்டு ஆளுக வேற வராங்க!"

தங்கையன் தலை குனிந்தான். "துடைக்காம விட்டுட்டேங்க முதலாளி. தப்புத்தான்."

"ஏன் விட்டே?"

"நீங்க முந்தாநாள் வந்தப்ப, நல்லாப் பளபளன்னு மின்னணும், துடைக்காதேன்னு சொன்னீங்க. ஒட்டும்னு நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அதோட நிறுத்திக்கிட்டேன். பிரஷ் என் கையிலதான இருந்துச்சு? மாட்டேன்னு சொல்லியிருக்கணும். வேலியில பூசி முடிச்ச பக்கம் என் இஷ்டத்துக்குத் துடைச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க, ஒட்டாது."

நல்லதம்பி போய் வேலியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. தான் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரல் பாதியாக இறங்கியது. "சரி, இப்ப என்ன வழி?"

"டர்பன்டைன் விட்டுக் கரைச்சுத் துடைக்கணுங்க. என்கிட்ட அரை பாட்டில்தான் இருக்கு. இவ்வளவு பெரிய தளத்துக்கு அது எந்த மூலைக்கு? டவுனுக்குப் போய் வாங்கி வரதுக்குள்ள வெயில்ல இன்னும் இறுகிடும்."

"புது எண்ணெய் இருக்கா?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டு வாணலி விளிம்புல பழைய எண்ணெய் பிசினா ஏறிடும். சீயக்காய் போட்டாலும் போகாது, சாம்பல் போட்டாலும் போகாது. புது எண்ணெயைச் சூடா தடவிக் கொஞ்ச நேரம் விட்டா, தானா இளகிக் குடுக்கும். அப்புறம் துணி போட்டு ஒரே இழுப்பு. எண்ணெயை எண்ணெய்தான் எடுக்கும்."

தங்கையன் அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தான். பிறகு தளத்தைப் பார்த்தான். "ஆமாங்க" என்றான் மெதுவாக. "காவி கலக்காத எண்ணெய் ஒரு டின் முழுசா இருக்கு. இந்த அரை பாட்டிலையும் அதுல விட்டா இளக்கிடும். ஆனா துணி வேணுமே. மூட்டைக் கணக்குல வேணும்."

"ஜவுளிக்கடைக்காரன்கிட்டப் போய்த் துணி இல்லேங்கிறியே!" என்றார் நல்லதம்பி. காரின் பின்பக்கத்தைத் திறந்தார். மறுநாள் பந்தல்காரனுக்குக் கொடுப்பதற்காகக் கடையில் சேர்ந்த வெட்டுத்துண்டுகளை இரண்டு மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

எண்ணெய் டின்னை வெந்நீர் அண்டாவில் இறக்கிச் சூடு காட்டினார்கள். முதலில் ஒரு மூலையில் ஒரு முழத்துக்குத் தடவிப் பார்த்தான் தங்கையன். பத்து நிமிஷம் பொறுத்துத் துணியால் அழுத்தி இழுத்ததும் பிசின் சுருண்டு வந்தது. அடியில் பலகையின் ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நிறம் போகவில்லை. போனது வெறும் பளபளப்புத்தான்.

"வந்துருச்சு!" என்று கத்தினார் வீரமலை. சொந்தத் தளம் மாதிரி. பிறகு யோசித்துச் சொன்னார்: "என் வேட்டிதான் போயிருச்சு. இனிமே எனக்கு என்ன? நானும் துடைக்கிறேன்."

தங்கையன் முன்னால் எண்ணெய் தடவிக்கொண்டே போனான். பின்னால் செல்லக்கிளியும் வீரமலையும் துடைத்துக்கொண்டே வந்தார்கள். குறுக்கே இழுக்கக்கூடாது, ரேகை போகிற திசையிலேயே இழுக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நல்லதம்பி, தாங்க முடியாமல் ஜிப்பாவைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு, பனியனோடு ஒரு மூலையில் உட்கார்ந்தார். அரை மணியில் அவருக்கு மூச்சு வாங்கியது; ஆனால் எழவில்லை.

நனைந்த துணிகளை வீரமலை ஒரு குவியலாகச் சேர்க்கப் போனபோது தங்கையன் ஓடிவந்து பிடுங்கினான். "சேர்த்துச் சுருட்டி வைக்காதீங்கய்யா. இந்த எண்ணெய்த் துணி தானா சூடாகித் தீப்பிடிச்சுக்கும். தண்ணித் தொட்டியில போடுங்க."

"நெருப்பு வைக்காமலா?"

"வைக்காமத்தான். எங்க பட்டறையிலயே ஒரு தடவை புகைஞ்சுச்சு."

நாற்பது வருஷம் எண்ணெயோடு புழங்கிய வீரமலைக்கு அது புதுச் செய்தி. அவனை ஒருவித மரியாதையோடு பார்த்துவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழவில்லை. விருந்துக்கு வேண்டுமா என்று முதலாளியிடமும் கேட்டுவிட்டு வீரமலை திறந்த டின் முறுக்குத்தான் சாப்பாடு. நான்கு மணிக்குக் கடைசிப் பலகையும் முடிந்தது. உலர்ந்த துணியால் எல்லாவற்றையும் இன்னொரு முறை தேய்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆற்றங்கரைக் காற்றும் சாய்ந்த வெயிலும் பட்ட பிறகு, நல்லதம்பி தன் வெள்ளை அங்கவஸ்திரத்தைத் தளத்தில் விரித்தார். அதன்மேல் உட்கார்ந்தார். போதாதென்று மல்லாந்து படுத்து இரண்டு பக்கமும் புரண்டார். எழுந்து துணியைத் தூக்கிப் பிடித்தபோது அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

"நாளைக்கு எதுக்கும் பாயை விரிச்சு அதுமேல இலை போடுங்க முதலாளி" என்றான் தங்கையன்.

"போடுறேன். நீ சொன்னா இனிமே மறுபேச்சு இல்லை." பிறகு வீரமலை பக்கம் திரும்பினார். "பெரியவரே, உங்க வேட்டிக்கு நான் பதில் சொல்லணும்" என்று காரிலிருந்து ஒரு புது எட்டு முழ வேட்டியை எடுத்துக் கொடுத்தார். காது குத்துக்கு முந்நூறு முறுக்கும் விடியற்காலைக்குள் அனுப்பச் சொல்லிவிட்டார். சும்மா ஒரு சாக்குக்காகக் கேட்க வந்த வீரமலை உண்மையாகவே வியாபாரம் கிடைத்ததும் விரல் மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். நான்கு அடுப்பையும் உடனே மூட்டியாக வேண்டும்.

அப்பாவையும் மகளையும் பஸ் ஏற்றிவிடத் தங்கையன் ரோடு வரைக்கும் வந்தான். பஸ் இன்னும் வரவில்லை. அவன் காவிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீரமலையிடம் திரும்பினான்.

"ஐயா, ஒண்ணு கேட்கலாமுங்களா? வெள்ளிக்கிழமை நாங்க வரணுமா, வேண்டாமா?"

வீரமலையின் கையிலிருந்த காலி டின் நழுவிக் கீழே விழுந்து உருண்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"மணப்பாறைன்னு சொன்னீங்க. முறுக்கு டின் வேற. பவுனம்மா அத்தை பொண்ணு வீட்டைப் பத்திச் சொல்லியிருந்தாங்க. காலையிலேயே புரிஞ்சுருச்சுங்க."

"அடப்பாவி! தெரிஞ்சேவா என்னைத் துடைக்க விட்டே?"

"நீங்களாத்தான துடைக்கிறேன்னு உட்கார்ந்தீங்க?" என்றான் அவன். வீரமலை அவனைப் பார்த்தார். அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

செல்லக்கிளி சிரிக்கவில்லை. அவள் முகத்தில் வேறு ஒரு யோசனை ஓடியது. அதை மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக அவளால் முடியவில்லை.

"அப்ப முதலாளிகிட்டத் தப்பு என்மேலதான்னு சொன்னீங்களே. நாங்க யாருன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா? எங்ககிட்ட நல்ல பேரு வாங்கவா?"

தங்கையன் ரோட்டைப் பார்த்தான். கால் விரலால் மண்ணைக் கிளறினான். பொய் சொல்வது அந்த நேரத்தில் எவ்வளவு சுலபம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்; அவளுக்கும் தெரிந்தது.

"பாதி அதுக்குத்தாங்க" என்றான் கடைசியில். "நீங்க இல்லாட்டி இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருப்பேன். நீங்கதான சொன்னீங்கன்னு முதல்லயே கேட்டிருப்பேன். ஆனா மாட்டேன்னு சொல்லியிருக்கணும்னு சொன்னது, அது மெய்யாலுமே மனசுல பட்டதுதாங்க."

தூரத்தில் பஸ் வருகிற புழுதி தெரிந்தது. வீரமலை உருண்டுபோன டின்னைப் பொறுக்கிக்கொண்டே, காது இந்தப் பக்கமாக, மெதுவாக நிமிர்ந்தார்.

செல்லக்கிளி அவனை நேராகப் பார்த்தாள். காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்கே வந்துடுங்க. சாப்பாடு எங்க வீட்டுலதான்."