மூன்று டிகிரி கூடுதல்

எலுமிச்சைத் தோலால், கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். நைட்ரிக் அமிலம் பட்ட மஞ்சள் கறை. போன வாரம் வரை ஆய்வகத்துக்குப் போய்வந்த கை அது.

"விடுடி, அவ கை எப்பவும் அப்படித்தான்" என்றாள் சித்தி.

ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் வந்துவிட்டார். ஆளுயர மலர்வளையத்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கூடத்தில் நிறைந்திருந்த மாணவர்களைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவங்க இல்லேன்னா என் கண்டுபிடிப்பே இல்ல. குடுவை கழுவறதுலேர்ந்து எல்லா ஒத்தாசையும் செஞ்சாங்க."

மகள் தேய்ப்பதை நிறுத்தினாள். குடுவை கழுவினாளாம்! மரப்பட்டையில் துளித் துளியாகக் கிடைத்துவந்த காய்ச்சல் மருந்தை, மரமே இல்லாமல் கண்ணாடிக் குடுவைக்குள் முதன்முதலாகச் செய்து காட்டியவள் அம்மா. பதினோரு வருஷ உழைப்பு. அமில நாற்றத்தோடு வீட்டுக்கு வருவாள். வாசலிலேயே நில் என்று மகள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அதை நினைக்க இன்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அம்மா ஒரு மாதம் நோயில் படுத்திருந்தபோது, பக்கத்து மேசைக்காரராக இருந்த இந்த மனிதர் அவளுடைய நோட்டைப் பார்த்துத் தன் பெயரில் கட்டுரை போட்டுவிட்டார். ஒரு இடத்தில்தான் சறுக்கினார். அம்மாவின் தெர்மாமீட்டர் மூன்று டிகிரி கூட்டிக் காட்டும். அதை முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே அது காட்டியதை அப்படியே குறிப்பாள். அவர் உள்பக்கங்களை மட்டும் பார்த்து எழுதினார். மருந்தின் உருகுநிலை 144. கட்டுரையில் 147. அச்சுப்பிழை என்று சமாளித்தார். அந்த 147-ஐச் சொல்லி மாணவர்கள் இன்றும் சிரிப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

"ஏம்மா வெளிய சொல்லல?" என்று மகள் ஒருமுறை கேட்டிருந்தாள்.

"சொன்னா, கெட்டுப்போன தெர்மாமீட்டர ஏன் வச்சிருந்தேன்னு என்னைத்தான் முதல்ல கேப்பாங்க" என்று சிரித்தாள் அம்மா.

போர்வை எடுக்க மகள் உள்ளறைக்குப் போனபோது அலமாரி திறந்து கிடந்தது. இயக்குநர் நாக்கில் விரலைத் தொட்டு அம்மாவின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"ஞாபகார்த்தமா ஒண்ணு எடுத்துக்கலாம்னு... நிறுவனத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கலாம்மா."

முதல் பக்கம் தையலோரத்தில் அரை அங்குலம் கிழிந்திருந்தது. அவருடைய கட்டைவிரல் அங்கேயே இருந்தது.

பின்னாலேயே வந்த சித்தி காதோடு சொன்னாள். "பெரிய மனுஷர்டி. ஒரு நோட்டுதானே, குடுத்துத் தொலை. சாவு வீட்டுல எதுக்குச் சண்டை?"

அந்த முதல் பக்கம் போய்விட்டால் அம்மா குடுவை கழுவியவளாகவே போய்ச்சேருவாள்.

"சண்டையெல்லாம் இல்ல சித்தி" என்றாள் மகள். நோட்டும் கையுமாக அவரை முழங்கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தாள். "அம்மா எழுதினதுலேர்ந்து சார் வாசிக்கப் போறார். முதல் பக்கம் சார்."

அத்தனை கண்களும் அவர் மேல் இருந்தன. அவர் கடகடவென்று வாசித்தார்.

"என் தெர்மாமீட்டர் மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. இந்த நோட்டில் உள்ள எல்லா உருகுநிலைகளிலும் மூன்றைக் கழித்துக்கொள்ளவும்."

"தேதியையும் படிங்க சார்."

படித்தார். அவருடைய கட்டுரைக்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி.

ஜன்னலோரத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். போட்டு முடித்து, படுத்திருந்தவளின் முகத்தையே பார்த்தாள்.

மகள் நோட்டை வாங்கிக்கொண்டாள். இயக்குநர் உட்கார இடம் தேடினார். அந்த மாணவியின் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் அங்கே போய்ச் சேருவதற்குள் அவள் தன் பையைத் தூக்கி அதில் வைத்தாள்.