ஐந்தாவது இடம்

எங்கள் ஊர்ப் பந்தயத்தில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் ஆபத்து. அதனால் அந்தக் கோடை முழுவதும் எங்கள் பதினேழாம் எண் கார் ஐந்தாவதாகவே வந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் என் கொழுந்தன் மெர்ல். ஐந்தாவதாக வரச் சொன்னவள் நான்.

விஷயம் இதுதான். எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் கடைசியாக ஓடும் பெரிய பந்தயம் முடிந்ததும் முதல் நான்கு கார்களும் பார்வையாளர் மேடைக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். பந்தயத்தை ஓடி முடித்த எந்த ஓட்டுநரும், காரைவிட்டு இறங்காமல் நேரே அங்கே வந்து, அந்த நான்கில் ஒன்றைக் காட்டி அதன் இன்ஜினைக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அவன் இன்ஜின் உனக்கு, உன் இன்ஜின் அவனுக்கு. மாட்டேன் என்றால் அந்த வருஷத்துப் புள்ளிகள் அத்தனையும் போச்சு, அடுத்த வருஷமும் உள்ளே விட மாட்டார்கள். வசதியுள்ளவன் பெரிய இன்ஜினை வாங்கிப் போட்டு மற்றவர்களை மண்ணைக் கவ்வ வைக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். சங்கக் கூட்டத்தில் நானே அதற்குக் கை தூக்கியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் இன்ஜின் என் கணவர் வெண்டல் கட்டியது. வெண்டல் இப்போது இல்லை.

முதல் வருஷம் எங்களிடம் கார் என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றும் கிடையாது. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து யாரோ ஒருவருடைய தோப்பில் கிடந்த பழைய செவர்லேயை இழுத்து வந்தார்கள். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் வளர்ந்திருந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் காரை நகர்த்த முடிந்தது. கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளைப் பற்றவைத்து மூடி, பால் கறக்கும் கொட்டகையில் கழித்துக்கட்டிய குழாய்களை வளைத்து, கவிழ்ந்தால் ஓட்டுபவன் நசுங்காமலிருக்க உள்ளே கூண்டு அமைத்தார்கள். பெயின்ட் அடித்தது நான். பதினேழில் ஏழு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார் வெண்டல், எங்கள் அயோவா மாநிலமே கவனித்தது.

முதல் பந்தயத்தில் எங்கள் முன்சக்கரம் கழன்று, காரை முந்திக்கொண்டு உருண்டு போய் முடிவுக் கோட்டைத் தாண்டியது. "பதினேழாம் நம்பர் சக்கரம் முதலிடம்! காரு எங்கப்பா? பின்னாடி வருதா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டான் அறிவிப்பாளன். அந்த வருஷம் முழுக்க என்னைக் கடைத்தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் சக்கரம் சௌக்கியமா என்றுதான் விசாரித்தார்கள். இரண்டாம் வருஷம் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் சில ஞாயிறுகளில் கடைசியாக வரவில்லை. அந்த நாட்களில் ஆப்பிள் பை செய்து கொண்டாடினோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்ததே இல்லை.

அதற்கடுத்த குளிர்காலத்தில் வெண்டல் மூன்று செத்த இன்ஜின்களிலிருந்து உயிருள்ள ஒன்றை எடுக்கப் போவதாகச் சொன்னார். கொட்டகையில் கை விறைத்துப்போகிறது என்று எல்லாவற்றையும் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டார். அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே இன்ஜின், அதைச் சுற்றிக்கொண்டு நான். சில பாகங்களை நான் இறைச்சி வேகவைக்கும் ஓவனில் வைத்துச் சூடாக்குவார். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பன்றி இறைச்சியில் கிரீஸ் வாடை. திட்டினேன், அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிப்ரவரியில் ஒரே ஒரு தடவை கொட்டகையில் அதை ஓடவிட்டார், அதுவும் மெதுவாகத்தான்.

"கேக்குதா டார்லிஸ்?"

"பாதி ஊருக்குக் கேக்குது. நிறுத்துங்க, பசு பயப்படுது."

மார்ச்சில், தீவன ஆலையில் மூட்டை தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சர்ச்சுப் பெண்கள் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் கொண்டுவந்தார்கள். நான் பாத்திரங்களைக் கழுவி, யார் யாருடையது என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அழவில்லை. டார்லிஸ் நெஞ்சழுத்தக்காரி என்று சிலரும், தைரியசாலி என்று சிலரும் சொன்னார்கள். இரண்டும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போலிருக்குமே, அப்படி இருந்தது. சாப்பிட்டேன். தூங்கினேன். பசுவைப் பார்த்துக்கொண்டேன்.

மே மாதம் மெர்ல் வந்து சமையலறை வாசலில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"அண்ணி, சீசன் ஆரம்பிக்குது. அண்ணன் கட்டின இன்ஜின் சும்மா கெடக்குது."

"மாட்டி ஓட்டு. ஆனா அஞ்சாவதா வரணும்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான்.

"அஞ்சாவதா வர்றதுக்கு எவனாச்சும் ரேஸ் ஓட்டுவானா அண்ணி?"

"ஓட்டலேன்னா அது கொட்டகையிலேயே கெடக்கட்டும். எவனோ ஒருத்தன் வந்து கேட்டு, அதைத் தூக்கிட்டுப் போறத என்னால பாக்க முடியாது."

அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஜெயிக்க வேண்டும் என்று வெறி. இருந்தாலும் தலையை ஆட்டினான். ஒவ்வொரு ஞாயிறும் முன்னால் போகிற கார்களை எண்ணிக்கொண்டே ஓட்டினான். நான்கு கார் முன்னால் இருக்கும்வரை அளவாக மிதிப்பான், மூன்றாகக் குறைந்தால் காலை எடுத்துவிடுவான். அந்த வட்டாரத்திலேயே எண்ணிக்கொண்டு ஓட்டிய ஒரே ஆள் அவன்தான்.

ஊர் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. "ஏம்ப்பா மெர்லு, ஒன் வண்டிக்கு பெட்ரோலவிட பிரேக்குதான் அதிகம் செலவாகுதாமே?" என்பான் ஒருவன். "அஞ்சாம் நம்பர்னு பெயின்ட் அடிச்சிருங்கப்பா, எங்களுக்கும் சௌகரியம்" என்பான் இன்னொருவன். மெர்ல் காது சிவந்து நிற்பான். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மேடைக்குக் கீழே காப்பிக் கடை போட்டிருந்த லவோன் மட்டும் ஒரு நாள் நேராகவே கேட்டாள். "செத்துப்போன மனுஷனோட இன்ஜினை யாரும்மா கேப்பாங்க? நாங்கள்லாம் மனுஷங்கதானே?"

"நீ கேக்க மாட்ட லவோன். ஒன் வீட்டுக்காரர்?"

அவள் ஏற்கெனவே துடைத்த கப்பை மறுபடி துடைத்தாள். அவள் கணவர் ஆர்னி க்ரூஸ் எங்கள் தடத்திலேயே மூத்த ஓட்டுநர். தடம் போட்ட நாளிலிருந்து ஓட்டுகிறார், ஒரு பெரிய பந்தயம்கூட ஜெயித்ததில்லை. அவர் இன்ஜின் இருமுவது மக்காச்சோள வயலுக்கு அப்பால்வரை கேட்கும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, புழுதி அடங்க மண் தடத்துக்கு அடிக்கும் தண்ணீரைக் கூடுதலாக அடித்துவிட்டார்கள். சேறு வாரி இறைத்ததில் எந்தக் காரிலும் எண் தெரியவில்லை. மெர்ல் எண்ணினான். முன்னால் நான்கு கார்கள். ஆனால் அதில் ஒன்று, நேர் முன்னால் போன நீலக் கார், ஒரு சுற்று பின்தங்கிய கார். மேலே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. எழுந்து கையை ஆட்டினேன். சேறு அப்பிய ஹெல்மெட் கண்ணாடி வழியாக அவன் என்னத்தைப் பார்ப்பான்?

"நாலாவது இடம், பதினேழு! மெர்ல் ஹாகன்! அப்பாடா, ஒருவழியா!" என்றான் அறிவிப்பாளன். மொத்த மேடையும் எழுந்து கைதட்டியது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

வரிசையில் நாலாவதாகப் போய் நின்றான் மெர்ல். ஆறாவதாக வந்த ஆர்னி தன் காரை மேடைப் பக்கம் திருப்பினார். கூட்டம் முதலில் புரியாமல் பார்த்தது, பிறகு கூச்சல் போட்டது. யாரோ காப்பிக் கப்பை எறிந்தார்கள். ஆர்னி கண்ணாடியில்லாத ஜன்னலில் தலையை நீட்டி, யாரையும் பார்க்காமல், "பதினேழு" என்றார். கீழே லவோன் கடையின் பலகையை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

கார் என் பெயரில் இருந்தது. நடுவர் என்னைப் பார்த்தார். மெர்லும் பார்த்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குக் கொஞ்சமாவது கோபம் வேண்டுமே. இத்தனை மாதம் நான் காத்து வைத்தது போகிறது, எனக்குள் ஒரு இலைகூட அசையவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

பெண்களை வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பந்தயம் முடிந்த பிறகுதான் விடுவார்கள். நான் போனபோது மூன்று கம்பங்களைக் கூட்டி நிறுத்தி, சங்கிலியில் இன்ஜினை மாட்டியிருந்தார்கள்.

"டார்லிஸ், தப்பா நெனைக்காதம்மா" என்றார் ஆர்னி.

"தப்பா நெனைக்கல அண்ணே. எதுவுமே நெனைக்கல."

"வயசு ஆகுது. ஒரே ஒரு தடவையாச்சும்..." என்று இழுத்தார்.

"அந்தக் கடைசி போல்ட் மரை தேஞ்சிருக்கு. ஸ்பேனர் போடாதீங்க, கையால திருகுங்க. அவர் அப்படித்தான் திருகுவார்."

அவர் கையால் திருகினார்.

வீடு திரும்பும்போது லாரியில் மெர்ல், "அண்ணி, என்னை ரெண்டு அறை விட்டுருங்க" என்றான்.

"எதுக்கு?"

"எண்ணத் தெரியாததுக்கு."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

அடுத்த ஞாயிறு ஆர்னியின் இருமல் எங்கள் காரில் இருந்தது, வெண்டலின் இன்ஜின் அவர் காரில். பெரிய பந்தயத்துக்குப் பச்சைக் கொடி விழுந்தது. முதல் வளைவைத் தாண்டி நேர்ப்பகுதிக்கு வந்ததும் ஆர்னி முழுக்க மிதித்தார்.

அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மெர்ல் ஒரு நாளும் அதை முழுசாக மிதித்ததில்லை, நான் விடவில்லை. பிப்ரவரியில் கொட்டகையில் கேட்டது வெறும் முனகல். இது வேறு. அடிவயிற்றில் இறங்கியது. இதைத்தான் அந்த மனிதர் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, மூக்கு நுனியில் கிரீஸோடு, குளிர்காலம் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தார். அவரும் இதைக் கேட்டதில்லை. நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது.

"போ!" என்று கத்தினேன். "மிதி! விடாத, போ!"

மெர்லைத்தான் சொல்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த நேரம் ஆர்னி மெர்லைத் தாண்டிப் போனார், நான் இன்னும் பலமாகக் கத்தினேன். லவோன் கடையை விட்டுவிட்டுப் படியேறி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளும் கத்தினாள். ஆர்னி க்ரூஸ் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஜெயித்தார்.

மெர்ல் எட்டாவது. ஆனால் ஓடி முடித்திருந்தான். எல்லோரும் வெளியே திரும்பும்போது அவன் மட்டும் திரும்பாமல் நேரே மேடை முன்னால் வந்து நின்றான். ஊருக்கு உடனே புரிந்துவிட்டது. வாரம் முழுக்க இதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"கேளு மெர்லு! கேளு!"

"கெழவனுக்கு நல்லா வேணும்!"

ஆர்னி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்டால் கொடுக்க வேண்டும், அவருக்குத் தெரியாதா? லவோன் என் பக்கம் திரும்பவில்லை.

நடுவர் குனிந்தார். மெர்ல் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கேட்கட்டுமா என்று புருவத்தை உயர்த்தினான். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெண்டலின் இன்ஜின் இன்று மாலையே என் வீட்டில் இருக்கும்.

என்னை எனக்குத் தெரியும். திரும்பி வந்தால் அதை மறுபடி ஐந்தாவது இடத்தில்தான் கட்டிப்போடுவேன். என் ஆயுசு முழுக்க அது முனகிக்கொண்டே ஓடும்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். அவனுக்குப் புரியவில்லை. பெஞ்சுமேல் ஏறி நின்று இன்னொரு தடவை அசைத்தேன். மேடை முழுக்க என்னைப் பார்த்துக் கூச்சல் போட்டது. "இவளுக்கு என்ன கிறுக்கா?" என்று பின்னால் ஒருவன் கேட்டான். மெர்லின் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, கியரைப் போட்டு வெளியே போனான்.

நடுவர் கட்டம் போட்ட கொடியை ஆர்னியின் கையில் கொடுத்தார், வெற்றிச் சுற்று ஓடுவதற்காக. ஆர்னி மேடையைப் பார்த்தார். பிறகு மிதித்தார், மெதுவாகப் போக வேண்டிய சுற்றில் முழுக்க மிதித்தார்.

அப்போதுதான் எனக்கு வலித்தது. மார்ச்சிலிருந்து வராத வலி. வெண்டல் செத்துவிட்டார், இனி வர மாட்டார் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. லவோன் என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் வாய்விட்டே அழுதேன்.