ஆனி மாதத்தில் சொல்லாத கதை

மகள் மெலனி என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் கிளடிஸ், "லோயருக்குப் படிக்கிற மாதிரி ஒண்டு" என்பார். தாங்கள் குடியேறிய நாட்டின் பூர்வகுடிகளைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள் என்று சொன்னால், அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்று அடுத்த கேள்வி வரும். வாயைக் கொடுத்து ஏன் மாட்டுப்படவேணும்?

அந்த ஆனி மாதம் மெலனிக்குப் பல்கலைக்கழகம் கொடுத்துவந்த உதவி நின்றுவிட்டது. ஆய்வேட்டை எழுதி முடிக்கிறவர்களுக்கு ஓர் அறக்கட்டளை ஒரு வருட உதவித்தொகை கொடுத்தது. அது கிடைத்தால் வீட்டிலிருந்து எழுதி முடிக்கலாம். கிடைக்காவிட்டால் பிறம்ரன் நகரில், ஊர்க்காரரான பேனாட் அண்ணை சுப்பவைசராக இருக்கும் வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கும் வேலைதான். அங்கே போனவர்கள் படிப்புக்குத் திரும்பியதைக் கிளடிஸ் கண்டதில்லை.

அதற்கான நேர்முகம் சூம் வீடியோ அழைப்பில் நடந்தது. அஜின்கோர்ட்டில் இருக்கும் அவர்கள் வீட்டின் சாப்பாட்டு மேசையில் மெலனி இருந்தாள். குசினியில் வெங்காயம் உரிக்கிற சாட்டில் கிளடிஸ் காதை அங்கேயே விட்டிருந்தார். எல்லாம் வடிவாகத்தான் போனது. கடைசியில், பணம் கொடுக்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், ஆய்வு முழுக்க ஒரு கதையைச் சுற்றித்தானே நிற்கிறது, அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன் என்றார்.

மெலனி ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். அந்தக் கதையை யார், எப்போது, எப்படிச் சொல்கிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறாளாம். கதையை நிலத்தில் பனி கிடக்கும் காலத்தில்தான் சொல்லலாமாம். தனக்குச் சொன்ன அனிஷினாபே பூர்வகுடிப் பெண்ணுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். சுருக்கமாகவாவது, என்றார் பெரியவர். அதற்கும் மாட்டேன் என்றாள். நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

கிளடிஸ் வெங்காயக் கத்தியும் கையுமாக வந்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தனி? ஒரு கதை சொல்லுறதுக்கு ஸ்நோ கொட்டவேணுமோ?"

"ஓம் அம்மா."

"அந்த மனுசிக்குத் தெரியவே போகுது?"

மெலனி கம்பியூட்டரை மூடினாள். "சரி, நீங்கள் இப்ப ஒரு பசாம் படியுங்கோ."

"விசரே உனக்கு? தபசு காலமில்லாமல் ஆரும் பசாம் படிப்பினமோ?"

"நாங்கள் ரெண்டு பேரும்தானே நிக்கிறம். ஆருக்குத் தெரியப்போகுது?"

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்தால் பசாம் படிக்கச் சொல்லி, சொந்த ஊரான பேசாலையின் குரலுக்காகவே கிளடிஸுக்குக் கார் அனுப்புவார்கள். யேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் அந்தப் பாட்டை மற்ற மாதங்களில் அவர் முணுமுணுத்ததுகூட இல்லை. ஐப்பசியில் வந்து கேட்ட வானொலிக்காரரை ஏசி அனுப்பியவர். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். இப்போது, கறி அடிப்பிடிக்குது என்று குசினிக்குள் போய்விட்டார். அடுப்பு இன்னும் மூட்டப்படவே இல்லை.

உதவித்தொகை வேறொருவருக்குப் போனது. "கைக்கெட்டினது வாய்க்கெட்டேல்லை" என்று கிளடிஸ் பேனாட்டுக்கு ஃபோனில் சொன்னார். மகளை ஏச வாயெடுக்கும்போதெல்லாம் அந்தப் பசாம் வந்து குறுக்கே நின்றது. மெலனி பிறம்ரனுக்குப் போகத் தொடங்கினாள். ஆய்வேடு லீவு நாட்களில் கொஞ்சம் நகர்ந்தது. சில கிழமைகளில் அதுவும் இல்லை.

கார்த்திகையில் முதல் பனி கொட்டியது. வேலையால் வந்த மெலனி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சாப்பிடாமலே படுக்கப் போனாள். கிளடிஸ் மறித்து இருத்தி, சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார். ரீவியை நிற்பாட்டிவிட்டு எதிரில் அமர்ந்தார். இத்தனை வருடத்தில் இவள் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"வெளியில ஸ்நோ கிடக்கு, பாத்தனியே?" என்றார். "இப்ப சொல்லலாம்தானே. என்ன கதையடி அது?"